ஆ போடாத சீட்டு

என் பர்ஸில், ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால், நாலாக மடித்த ஒரு சீட்டு இருக்கிறது. உணவகத்தில் மேசையிலிருந்து சமையலறைக்குப் போகுமே, அந்த ஆர்டர் சீட்டின் கார்பன் நகல். எழுத்து மங்கி, மடிப்புகளில் தாள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மேசை எண் ஏழு, எட்டுப் பேர், மதியச் சாப்பாடு. கீழே பண்டங்களின் பெயர்கள். நடுவில் ஓரிடத்தில் ‘முந்திரி வேண்டாம் – ஒருவருக்கு’ என்று ஆங்கிலத்தில் சாய்வான கையெழுத்து. வலது பக்க மேல் மூலையில் ஒன்றும் இல்லை. அந்தக் காலி மூலைக்காகத்தான் இதை இத்தனை வருடமாக வைத்திருக்கிறேன். அங்கே ஒரு ‘ஆ’ இருந்திருக்க வேண்டும்.

அப்போது நான் அடையாற்றில் ஓர் உயர்ரக உணவகத்துக்கு மேலாளர். தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்த ஒரு தெருவில், பழைய பங்களாவின் சுவர்களை இடித்துக் கண்ணாடி போட்டு உண்டாக்கிய இடம். முழுக்கச் சைவம்தான். ஆனால் யாராவது ‘சைவ ஓட்டல்’ என்று சொல்லிவிட்டால் முதலாளிக்கு முகம் சுருங்கிப் போகும். மிளகு ரசத்தை ஒயின் கிளாஸில் ஊற்றி, விளிம்பில் ஒற்றைக் கறிவேப்பிலையைச் செருகித் தருவோம். தயிர்சாதம் உள்ளங்கையளவு கருங்கல் தட்டில் மூன்றே மூன்று மாதுளை முத்துகளோடு வரும். நாலாவது முத்து விழுந்திருந்தால் செஃப் தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார். இதையெல்லாம் இப்போது கிண்டலாகச் சொல்கிறேனே தவிர, அன்றைக்கு மனதார நம்பினேன். கப்பலிலும் வெளிநாட்டு ஓட்டல்களிலுமாக ஏழெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். சென்னைக்காரர்களுக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுக்க வந்தவன் என்று எனக்கு நினைப்பு.

மேசைக்குப் போய் ஆர்டர் எடுப்பவரை எங்கள் தொழிலில் கேப்டன் என்போம். எங்கள் இடத்தில் மூன்று பேர் அந்த வேலையைப் பார்த்தார்கள். ஆனாலும் கேப்டன் என்றால் அது அவர் ஒருவர்தான். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர், மந்தைவெளியில் வீடு. தலைமுறை தலைமுறையாக ஒரே பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள், இவர் ஒருவர்தான் படிப்பு ஏறாமல் தட்டு தூக்க வந்தவர் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பூசையை முடித்துவிட்டு, தண்ணீர் தொட்டுப் படிய வாரிய தலையோடு எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார். விருந்தினரிடம் பேச ஒரு தமிழ் வைத்திருந்தார், எங்களிடம் பேச இன்னொன்று. கதவைத் தாண்டிச் சமையலறைக்குள் கால் வைத்ததும் முதல் தமிழைக் கழற்றி மாட்டிவிடுவார்.

இந்த மாதிரி இடங்களில் ஆர்டர் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: யாருக்காவது அலர்ஜி உண்டா? நான் வேலை பார்த்த ஊர்களில் அதற்கு உண்டு, இல்லை என்று இரண்டே பதில்கள்தான். நம்மிடம் அப்படி இல்லை. அந்தச் சொல்லை நாம் வாங்கி வேறு வேலைக்கு வைத்துக்கொண்டுவிட்டோம். ஒருவருக்கு அரசியல் அலர்ஜி, ஒருவருக்குச் சொந்தக்காரர்கள் அலர்ஜி. கேப்டன் கேட்டதும் மேசைகள் உற்சாகமாகிவிடும். “எனக்குக் கத்திரிக்கா அலர்ஜிங்க” என்பார் ஒருவர். “இவருக்கு என் சமையலே அலர்ஜி” என்பார் அவர் மனைவி. எல்லோரும் சிரிப்பார்கள். கேப்டனும் அளவாகச் சிரிப்பார். ஒரு நாள் உள்ளே வந்ததும் என்னிடம் சொன்னார்:

“நம்ம ஜனத்துக்கு அலர்ஜின்னா புடிக்கலன்னு அர்த்தம் சார். நெஜமாவே ஒத்துக்காதவரும் அதே வார்த்தையத்தான் சொல்றாரு. மூஞ்சப் பாத்து எப்டி கண்டுபுடிக்கிறது?”

அதற்காக அவரே ஒரு வழி வைத்திருந்தார். யாராவது அலர்ஜி என்று சொன்னால், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அவர் பக்கமாகக் குனிந்து இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்பார்: “சாப்பிட்டா என்ன ஆகும்?” பெரும்பாலும், ஒண்ணும் ஆகாது, தட்டுல ஒதுக்கி வெச்சுடுவேன் என்று பதில் வரும். எப்போதாவது ஒருவர் முகம் மாறி, போன தடவை தொண்டை அடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பார். உடனே கேப்டன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துச் சீட்டின் வலது மூலையில் ‘ஆ’ என்று போட்டு வட்டமிடுவார். ஆ என்றால் ஆஸ்பத்திரி. எங்கள் சமையற்காரர்களில் பாதிப் பேர் ஒடிசா, மீதிப் பேர் நேபாளம். ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சுழியைக் கண்டால் போதும். புதுச் சட்டி, புதுக் கரண்டி, தனி அடுப்பு, செஃப்பே பக்கத்தில் நின்று பார்த்து அனுப்புவார். மூலையில் ஆ இல்லாமல் வெறுமனே ‘முந்திரி வேண்டாம்’ என்று வந்தால், மேலே வறுத்துத் தூவாதே என்று மட்டும்தான் பொருள். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அவரும் அவர்களுமாகப் பழகிப் பழகி உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு.

அதை நான்தான் நிறுத்தினேன். ஒரு நாள் பெரிய கம்பெனி அதிபர் ஒருவரின் மனைவி தோழிகளோடு வந்திருந்தார். காளான் அலர்ஜி என்று அவர் சொல்ல, கேப்டன் வழக்கம் போலக் குனிந்து கேட்டிருக்கிறார். “இது ரெஸ்டாரண்டா, கிளினிக்கா?” என்று அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். தோழிகள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. உண்மையில் எனக்கு அதற்கு முன்பே அந்தக் கேள்வி பிடிக்காமல்தான் இருந்தது. மெழுகுவத்தி, வெள்ளை விரிப்பு, பின்னால் மெல்லிய வீணை என்று நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய காட்சியின் நடுவே ‘சாப்பிட்டா என்ன ஆகும்’ என்பது முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரி வரிசையில் கேட்கும் கேள்வி மாதிரி இருந்தது. ஊழியர்களுக்கான பயிற்சிப் புத்தகத்தை நான் அப்போது எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு விதி சேர்த்தேன். அலர்ஜி பற்றி ஒரு முறைதான் கேட்க வேண்டும். விருந்தினரின் உடல்நிலையைத் துருவக் கூடாது. அடியில் தடித்த எழுத்தில் ஒரு வாக்கியம்: நாம டாக்டர் இல்ல, ஹோஸ்ட். எல்லாருக்கும் மனதில் பதியட்டும் என்று பேச்சுத் தமிழிலேயே எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு மூன்று தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

கேப்டன் புத்தகத்தை வாங்கிப் படித்தார். “அப்ப ஆ போட வேணாமா சார்?” என்றார். வேண்டாம் என்றேன். “சமையல்ல கேட்டா இன்னா சொல்றது?” என்றார். கேட்டால் என்னிடம் அனுப்புங்கள் என்றேன். யாரும் வந்து கேட்கவில்லை. மூலையில் சுழி வராவிட்டால், அன்றைக்கு அப்படிப்பட்ட விருந்தினர் யாரும் வரவில்லை என்று அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்கள். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. விதி நன்றாக வேலை செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் பெண் பார்க்க வீட்டுக்குப் போவது குறைந்துவிட்டது. சொஜ்ஜி, பஜ்ஜி, தம்பூரா என்று உட்கார வைத்தால் படித்த பெண்களுக்குக் கோபம் வருகிறது. இரண்டு குடும்பமும் பொதுவாக ஓர் இடத்தில் சந்தித்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம், பிடிக்காவிட்டாலும் முகத்தில் அடித்தாற்போல் இருக்காது. எங்களுக்கு அப்போதே அந்த மாதிரி மேசைகள் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு வரும். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். பட்டும் இல்லாமல் பருத்தியும் இல்லாமல் இடைப்பட்ட புடவைகள், சாய்ந்து உட்காராத முதுகுகள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழாம் மேசையில் வந்து உட்கார்ந்தவர்கள் அப்படி. இரண்டு பக்கமும் மயிலாப்பூர்க் குடும்பங்கள். பெண் வங்கியில் அதிகாரி, முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தவள். அவள் அம்மா நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். பையனின் அம்மா ரசக் கிளாஸ்களைப் பார்த்துவிட்டு ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, மேசை இளகிக்கொண்டிருந்தது. நான் நாலடி தள்ளி, தூண் ஓரமாக நின்றிருந்தேன்.

கேப்டன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அந்தப் பெண் நிமிர்ந்து, “எனக்கு முந்திரி அலர்ஜி” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

“அலர்ஜியெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று அவள் அம்மா முந்திக்கொண்டார். “சின்ன வயசுலேர்ந்து முந்திரின்னா அவளுக்குப் பிடிக்காது, அவ்ளோதான். பாயசத்துலகூடப் பொறுக்கி ஒதுக்கிண்டு உக்காந்திருப்பா.”

“எங்காத்துல இவனுக்கு திராட்சை ஆகாது” என்று பையனின் அம்மா சிரித்தார். “அது போறும், ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் ஒரு கணம் தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். ஒரு வியாதியைச் சொல்லிவிட்டால் வரன் கையை விட்டுப் போகும் என்று பயந்த அந்த அம்மாளை எனக்குப் புரிகிறது. எத்தனை மேசைகளில் எத்தனை தடவை அப்படிப் போனதோ. கேப்டனுக்கு அது அன்றைக்கே புரிந்துவிட்டது. பேனா சீட்டின் மேல் நின்றது. அவர் இடுப்பு லேசாக வளைந்தது, அந்தப் பெண்ணின் பக்கமாக. வளைந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை, அரை அங்குலம் அசைந்திருக்கும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து அதைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து ‘முந்திரி வேண்டாம்’ என்று எழுதிக்கொண்டு போனார்.

பொங்கலின் மேல் முந்திரி தூவாமல் வந்தது. பூசணி ஸ்டூ தேங்காய்ப்பால் போல வெள்ளை வெளேரென்று வந்தது. அதைக் கெட்டியாக்கியது முந்திரி விழுது. சீட்டைப் படித்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த முறைப்படி சரியாகத்தான் செய்திருந்தார்கள். தான் சொன்னபடி செய்திருப்பார்கள் என்று நம்பி அந்தப் பெண் நாலைந்து கரண்டி சாப்பிட்டாள். அப்புறம் தண்ணீர் குடித்தாள். மறுபடி குடித்தாள். கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கழிவறைப் பக்கம் போனாள். கூச்சப்படுகிறாள் என்று பையன் வீட்டார் நினைத்தார்கள். அவள் எப்போதும் வைத்திருக்கும் மாத்திரைகள் கைப்பையில் இருந்தன. கைப்பை நாற்காலியில் மாட்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் என்னால் இன்று வரை நினைத்துப் பார்க்க முடிவதில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் துப்புரவுப் பணிப்பெண் அலறியபடி ஓடி வந்தாள். கேப்டன்தான் அந்தப் பெண்ணை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் இறந்துவிட்டாள்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. பெண் வீட்டார் புகார் எதுவும் கொடுக்கவில்லை. நாங்கள் ஒரு வாரம் மூடிவிட்டுத் திறந்தோம். திறந்த மறுநாள் காலை, விளக்குகள்கூடப் போடாத நேரத்தில், அந்தப் பெண்ணின் அம்மா ஒற்றை ஆளாக வந்து நின்றார். நான் உட்காரச் சொன்னேன். அவர் என்னைக் கவனிக்கவேயில்லை. கேப்டனைத் தேடி வந்திருந்தார். கேப்டன் மேசைக் கைக்குட்டைகளை மடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றார் அந்த அம்மாள். “அன்னிக்கு நான் குறுக்க பேசாம இருந்திருந்தா, நீங்க அவளை இன்னொரு தரம் கேட்டிருப்பேளா?”

கேட்டிருப்பேன், கேட்கத்தான் குனிந்தேன் என்று கேப்டன் சொல்லப் போகிறார், என்னைக் கை காட்டப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

“இல்லம்மா” என்றார். “நாங்க இப்பல்லாம் இன்னொரு தடவை கேக்கறதே இல்ல. நீங்க பேசியிருந்தாலும் பேசாம இருந்திருந்தாலும் ஒண்ணுதாம்மா.”

அந்த அம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆறுதல் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. பெற்ற மகளின் வாயை அடைத்த ஒருத்திக்கு என்ன ஆறுதல் கிடைத்துவிடப் போகிறது? ஆனால் அவர் தூக்கிக்கொண்டு வந்த பாரத்தில் ஒரு கைப்பிடியாவது இறக்கி வைக்க வேண்டும் என்று கேப்டன் நினைத்திருக்கிறார். அதற்காக அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இப்பல்லாம் கேட்பதில்லை என்பது முழு உண்மை. அந்த ‘இப்பல்லாம்’ யாரால் வந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளி என்னிடம் அறிக்கை கேட்டார். ஒரு பக்கத்துக்கு எழுதினேன். ‘விருந்தினர் கூறிய ஒவ்வாமையை ஆர்டர் எடுத்தவர் சரிவர உறுதி செய்யவில்லை’ என்று எழுதினேன். என் விதியைப் பற்றி எழுதவில்லை, தலையசைத்ததைப் பற்றியும் எழுதவில்லை. அப்போது என் மகள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக் கடன் இருந்தது, இன்னும் என்னென்னவோ இருந்தது. இப்போது யோசித்தால் அதில் ஒன்றுகூடக் காரணமில்லை. நான் பயந்தேன், அவ்வளவுதான். எழுதியதைக் கேப்டனிடம் கையெழுத்துக்காக நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“உறுதி செய்யலன்னு எழுதிக்கீறீங்க. கரெக்ட்தான்” என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். “கேட்டிருக்கலாம் சார் அன்னிக்கு. நீங்க இன்னா, அடிச்சிடவா போறீங்க? நானும் கேக்காமத்தான வந்துட்டேன்.”

அதை அவர் குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அறிக்கையோடு இணைக்க எடுத்து வைத்திருந்த இந்தச் சீட்டை நான் இணைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில், தலையில் வலைத்தொப்பியோடு பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். நன்றாக இளைத்திருந்தார். ஒரு சின்னப் பெண் இலையை மறைத்துக்கொண்டு, “வேணாம், எனக்கு அலர்ஜி” என்றாள். பக்கத்திலிருந்த அவள் அப்பா, “எல்லாம் கொழுப்பு, நீங்க ஊத்துங்க” என்றார். கேப்டன் ஊற்றவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் பரிமாறுபவர்கள் முட்டிக்கொண்டு நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல், அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். “சாப்ட்டா இன்னா ஆவும் கண்ணு?” என்றார். குழந்தை என்ன சொன்னது என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் அடுத்து எங்கள் வரிசைக்கு வர வேண்டும். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டேன். போய் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். போன வருடம் அவர் காலமாகிவிட்டார் என்று பழைய ஆட்கள் மூலம் தெரிய வந்தபோது, அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

நான் அந்தத் தொழிலை எப்போதோ விட்டுவிட்டேன். ஒரு சமையல் எண்ணெய்க் கம்பெனியில் மீட்டிங்குகளில் உட்கார்ந்திருப்பதே இப்போது வேலை. எங்கள் பழைய முதலாளி உணவகத்தை ஒரு பெரிய குழுமத்துக்கு விற்றுவிட்டார். அவர்களுக்கு ஊரெங்கும் கிளைகள். போன மாதம் எங்கள் கல்யாண நாளுக்கு மகள் தன் சம்பளத்தில் எங்களை அழைத்துக்கொண்டு போனாள், தியாகராய நகரில் புதிதாகத் திறந்த ஒரு கிளைக்கு. எந்தக் குழுமம் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவளுக்கும் முப்பது நெருங்குகிறது.

ஆர்டர் எடுக்க வந்தவர் ஒரு பெண். காகிதம் இல்லை, கையில் டேப்லெட். சுத்தமான தமிழில், யாருக்காவது அலர்ஜி உண்டா என்று கேட்டார். “அப்பாவுக்குப் பாகற்காய் அலர்ஜி, அம்மாவுக்குக் கூட்டம் அலர்ஜி” என்றாள் என் மகள். அந்தப் பெண் அளவாகச் சிரித்துவிட்டுத் திரையைத் தொட்டார்.

“சாப்பிட்டா என்ன ஆகும்னு கேக்க மாட்டீங்களாம்மா?” என்றேன்.

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் மட்டும் சிரிப்பு மாறாமல் சொன்னார்: “அப்படிக் கேக்கக் கூடாது சார். எங்க ட்ரெய்னிங்ல முதல் நாளே சொல்லிக் குடுத்துடுவாங்க. நாம டாக்டர் இல்ல, ஹோஸ்ட்.”

“சூப்பரா சொல்றாங்க இல்லப்பா?” என்றாள் மகள்.

ஆமாம் என்றேன். எத்தனை கிளைகள், எத்தனை மேசைகள், எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று மனம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கப் பையில் பர்ஸ் உறுத்தியது. அந்தச் சீட்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் காட்டியிருக்கலாம். வலது மூலையைத் தொட்டு, இங்கே ஓர் எழுத்து இருக்க வேண்டும் அம்மா, அதைப் போட வந்தவரை நான்தான் தடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆர்டர் சொல்லலாமா என்று கேட்டார். நான் தலையசைத்தேன்.